ஹவுஸ் என்றால் வீடு

உத்திரமேரூர் பஜாரில் முகம்மது கௌஸ் நடத்தும் மைக்செட் கடையில் கேசட்டுக்கு ஐந்து தட்டுகள். மேலிருந்து கீழாக சாமி, நாகூர், சினிமா, தேர்தல். ஐந்தாவது தட்டில் நான்கே கேசட்டுகள். அவற்றின் முதுகில் இங்கிலீஷ் பெரிய எழுத்தில் ஹவுஸ், டிஸ்கோ, ஃபங்க், சோல் என்று எழுதியிருந்தது. எழுதியவன் கௌஸ் பாயின் மகன் இம்ரான். இரண்டாயிரத்து இரண்டாம் வருஷத்துச் சித்திரை வரைக்கும் அந்தத் தட்டிலிருந்து யாரும் எதையும் கேட்டதில்லை. தூசி தட்டுவதற்காக மட்டும் அவை வெளியே வந்து உள்ளே போயின.

அப்பாவுக்கு அந்த நான்கில் ஒன்றின் மேல் மட்டும் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது.

"பங்க்னா பெட்ரோல் பங்க் தானடா? மானாம்பதி ரோட்ல எவனோ பங்க் தொறக்கறானாம். வேணுமான்னு கேட்டுப் பாக்கட்டா?"

"அது வேற பங்க்குப்பா."

"வேற பங்க்கு. பேஜார் புடிச்சவனே, பெட்ரோல் ஊத்தாத பங்க்கு எங்கடா கீது?"

இந்தப் பாட்டுகள் சென்னையிலிருந்து வந்தவை. இம்ரானின் பெரியப்பா மகன் மஹபூப் பாஷா அங்கே ஒரு பெரிய ஹோட்டலில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை பார்த்தான். அவன் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் அறைக்கு நேர் மேலே நடன அரங்கு. சனிக்கிழமை சாயங்காலங்களில் கூரை அதிர்வதைக் கேட்டுக் கேட்டு, மேலே இசைத்தட்டு போடும் ஆளைச் சிநேகம் பிடித்து, கேசட்டில் பதிந்து வாங்கி வந்தான். வெறும் பாட்டுகளை அல்ல, பாட்டோடு பாட்டு சேர்த்த கலவைகளை. ஒன்று முடிகிற இடமும் அடுத்தது தொடங்குகிற இடமும் தெரியாது. நாற்பத்தைந்து நிமிஷம் ஒரே நடையில் போய்க்கொண்டே இருக்கும்.

முதல் தடவை கேட்டபோது இம்ரானுக்குப் பிடித்தது பாட்டல்ல, அந்தச் சேருகிற இடம். மைக்செட் கடையில் பிறந்து வளர்ந்தவன் அவன். அவனுக்குத் தெரிந்த உலகத்தில் ஒரு பாட்டு முடிந்தால் 'டக்' என்று ஒரு சத்தம், பிறகு இரைச்சல், பிறகு யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்து, பந்திக்கு வராதவர்கள் வரும்படி கேட்டுக்கொள்வார். நடுவில் எதுவுமே இல்லாமல் ஒரு பாட்டு இன்னொரு பாட்டாக மாறும் என்பதை அவன் பத்து தடவை கேட்டுத்தான் நம்பினான்.

பிறகு பாஷாவிடம் அவற்றைத் தனித்தனிப் பாட்டுகளாகக் கேட்டு வாங்கி, தானே செய்து பார்த்தான். கடையில் மூன்று கேசட் டெக்குகள் இருந்தன, இரண்டு ஓட்ட, ஒன்று பதிய. டெக்கைப் பிரித்தால் மோட்டாரின் பின்பக்கம் ஒரு சின்னத் திருகாணி. அதை ஒரு நூல் அளவு திருகினால் பாட்டு வேகமாகும், மறுபக்கம் திருகினால் மெதுவாகும். கைக்கடிகாரத்தை வைத்து ஒவ்வொரு பாட்டிலும் நிமிஷத்துக்கு எத்தனை அடி விழுகிறது என்று எண்ணி நோட்டில் எழுதினான். நூற்றிருபத்திரண்டு, நூற்றிருபத்துநான்கு, நூற்றுப்பதினெட்டு. சந்தேகம் வந்து மறுநாளும் எண்ணினான். மறுநாள் வேறு எண் வந்தால் இரண்டையும் எழுதி நடுவில் கேள்விக்குறி போட்டான். ஒரு பக்கத்துக்கு ஏழு பாட்டு, ஆறு சேருமிடம். அதற்கு அவன் வைத்துக்கொண்ட பேர் 'ஒட்டு'. ஒரு ஒட்டுக்கு ஒரு வாரம் ஆனது. ஐந்தாவது தட்டின் நான்கு கேசட்டும் முடிய ஏறக்குறைய ஆறு மாசம். ஏ பக்கம் மட்டும்தான் பதிந்தான்.

பாஷா ஊருக்கு வந்திருந்தபோது போட்டுக் காட்டினான். பாஷா இரண்டாவது பாட்டு வரும்முன் டீ குடிக்க எழுந்துவிட்டான்.

"நல்லா கீதுடா. ஆனா கடைல ஒக்காந்து கேட்டா இன்னா தெரியும்? நாலு பேரு நிக்கற எடத்துல ஒரு பக்கம் முழுசா ஓடணும். எவனும் நிறுத்துன்னு சொல்லக்கூடாது. அப்ப நீ டிஜே. அதுவரைக்கும் நீ கேசட் கடை."

இம்ரான் அதை நோட்டில் அப்படியே எழுதி வைத்தான். எழுதியபின் ஒரு நாள்கூட அது மனதை விட்டுப் போகவில்லை. தன் ஒட்டுகள் நிற்குமா, இல்லை திருகாணியை வைத்துக்கொண்டு ஆறு மாசத்தைக் கரைத்தோமா? இதை அவனால் தனியாகத் தீர்மானிக்க முடியவில்லை. நாலு பேர் வேண்டும். நாற்பத்தைந்து நிமிஷம் வேண்டும். அவன் ஊரில் இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் எதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்கு உரக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. சேர்த்துவிட்டது அப்பா. பெயர்ப்பலகையில் 'மைக்' என்பதை மகன் தப்பில்லாமல் எழுத வேண்டும் என்பது அவர் ஆசை. சார் தினமும் இருபது வார்த்தைகளுக்கு அர்த்தம் சொல்லுவார். எல்லாரும் தினமும் டைரி எழுத வேண்டும் என்றும் சொல்லியிருந்தார், இங்கிலீஷில். இம்ரான் தப்பு வந்துவிடுமோ என்று முதலில் தமிழில் எழுதிக்கொண்டான். மொழிபெயர்க்க நேரம் வரவில்லை. அதே வகுப்பில் திருப்புலிவனத்திலிருந்து திவ்யா வந்தாள். சார் சொல்லும் அர்த்தங்களை அவள் அன்றைக்கே வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிடுவாள்.

ஒரு வியாழக்கிழமை, வகுப்பு தொடங்க அரை மணி இருக்கும்போது, திவ்யா தன் அப்பா வேதாசலத்தோடு கடைக்கு வந்தாள்.

"பாய் இல்லியா தம்பி?"

"தொழுவப் போய்க்கீறாரு அண்ணா. இன்னா விசேசம்?"

"வூடு கட்டி முடிச்சிட்டோம். அடுத்த வெள்ளிக்கெயம பால் காய்ச்சறோம். செட்டு வோணும். ஒரு மைக்கு, ரெண்டு கோனு. பாட்டு..." வேதாசலம் தட்டுகளைப் பார்த்தார். முந்தின மாசம் அவருடைய பங்காளி புதுவீட்டு விசேஷத்தில் போட்டதையே போட அவருக்கு மனசில்லை. கடைசித் தட்டைக் காட்டினார். "திவ்யா, அது இன்னா எய்திக்கீது?"

"ஹவுஸ்."

"அப்டின்னா?"

"வூடுப்பா. நேத்துதான் சார் சொன்னாரு."

வேதாசலம் இம்ரானைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "வூட்டுக்குன்னே தனியா வெச்சிகீறியா? பார்றா. எங்க பங்காளிக்கு நீ இத்த சொல்லவே இல்லியே?"

"அவரு கேக்கல அண்ணா."

"நான் கேக்கறேன். அத்தப் போடு."

இம்ரான் கேசட்டைக் கையில் எடுத்தான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அவன் வேறொன்றைக் கேட்டான். "முழுசா போடட்டுமா அண்ணா?"

"வூட்ட முழுசா கட்டிட்டு பாட்ட பாதியா போடுவாங்க? முழுசா போடு."

அன்றைய டைரி: 'வேதாசலம் அண்ணா ஹவுஸ் கேட்டார். அ) என்னவென்று தெரிந்து கேட்கிறார். ஆ) தெரியாமல் கேட்கிறார். ஒரே ஒரு கேள்வி கேட்டால் எது என்று தெரிந்துவிடும். அதனால் கேட்கவில்லை.'

வகுப்பில் திவ்யா திரும்பிப் பார்த்துக் கேட்டாள். "நெஜமாவே அது வூட்டுப் பாட்டுதானா?"

"மேல எய்திக்கீதே, படிக்கல?" என்றான். அது பொய்யில்லை என்று பின்னால் டைரியில் இரண்டு வரி எழுதினான். பிறகு ஒரு வரியை அடித்தான்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குத் திருப்புலிவனத்தில் செட்டு இறங்கியது. கூம்பு ஒலிபெருக்கியான கோன் வேண்டாம், ஸ்பீக்கர் பெட்டிதான் வேண்டும் என்று இம்ரான் முந்தின நாளே அப்பாவிடம் சண்டை பிடித்திருந்தான். கோனில் போட்டால் அடி கேட்காது, வெறும் 'ட்சிக் ட்சிக்' என்று தவளை கத்துவதுபோல் இருக்கும்.

"கோன் கட்னாதான்டா ஊருக்குக் கேக்கும். பொட்டி வெச்சா வூட்டுக்குள்ளதான் கேக்கும்."

"வூட்டுக்குத்தானப்பா போடறோம்."

கௌஸ் பாய் கோனை மறுபடி ஆணியில் மாட்டினார்.

அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் வேதாசலம்தான். ஆனால் உத்தரவு போடுகிறவர் அவருடைய அக்கா சிட்டம்மாள். புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். ஐயர் எங்கே உட்கார வேண்டும், மாடு எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும், வாழைமரத்தை எந்தப் பக்கம் சாய்த்துக் கட்ட வேண்டும் எல்லாம் அவர்தான் சொன்னார். மாடுகூடத் தயங்காமல் கேட்டது. வேதாசலத்தின் மனைவி தாயாரம்மாள் புதுப்பானையைக் கையில் வைத்துக்கொண்டு, வைக்கச் சொல்லும்வரை நின்றுகொண்டிருந்தார்.

ஓமம் முடிந்தது. கிழக்கே பார்த்து மூன்று செங்கல் வைத்து, பானை ஏற்றி, பால் ஊற்றி, விறகைப் பற்றவைத்தார்கள். வேதாசலம் இம்ரானைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இம்ரான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்கினான்.

தும், தும், தும், தும்.

கூடத்தில் எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள். "யாரு கதவத் தட்டறாங்க?" என்றார் ஒரு பெரியவர். "போர் போடற வண்டி வந்துகினு கீது போல" என்றார் இன்னொருவர். வீட்டைக் கட்டிய மேஸ்திரி செங்கேணி மட்டும், தனக்கு வைத்துக் கொடுத்த புது வேட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய பெருவிரல் தரையில் தட்ட ஆரம்பித்தது.

"செங்கல் வெக்கற மாதிரியே கீது. ஒண்ணுக்கொண்ணு இம்மி தப்பல" என்றார்.

இம்ரான் நிமிஷங்களை எண்ணினான். முதல் பாட்டு ஏழு நிமிஷம். ஏழாவது நிமிஷத்தில் முதல் ஒட்டு. அதுவரைக்கும் ஓடுவது வேறு எவனோ எங்கேயோ செய்த பாட்டு. அதற்கப்புறம்தான் இம்ரான்.

ஆறேகால் நிமிஷத்தில் அந்தப் பாட்டில் ஒரு இடம் உண்டு. அடி சட்டென்று நின்றுவிடும். வயலின்கள் மட்டும் மேலே மேலே ஏறிக்கொண்டு போகும். முப்பத்திரண்டு எண்ணிக்கை கழித்து அடி திரும்பவும் வந்து விழும். அந்த இடம் வந்தது. அடி நின்றதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். வயலின் ஏறியது. பானையில் பால் ஏறியது. தாயாரம்மாள் கையெடுத்துக் கும்பிட்டார். அடி வந்து விழுந்த அதே நொடி பால் பொங்கி நாலு பக்கமும் வழிந்தது.

எல்லாரும் பானையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு ஐயரே சொன்னார். "பாட்டு பொங்க வெச்சிடுத்தே."

"வூட்டுப் பாட்டு இல்ல? பின்ன பொங்காதா?" என்றார் வேதாசலம், தானே இசையமைத்ததுபோல.

கடிகாரக் கணக்கில் ஆறு நிமிஷம் ஐம்பது நொடி. முதல் ஒட்டுக்கு இன்னும் பத்து நொடி. இம்ரான் பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்தான். சிட்டம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கையை நீட்டினார்.

"பொங்கிச்சில்ல? அப்பறம் எதுக்கு அந்த மிஷினு? நிறுத்து. சாமி பாட்டப் போடு."

"அக்கா, முழுசா போடலாம்னு..." என்று தொடங்கினார் வேதாசலம்.

"இன்னாத்துக்கு, மறுபடியும் பொங்கவா?"

நீட்டிய கையோடு அவர் நின்றபோது போட்டோக்காரன் ஒரு படம் எடுத்தான். இம்ரான் பொத்தானை அமுக்கினான்.

அன்றைய டைரி: 'திருப்புலிவனம். 6 நிமிஷம் 55 நொடி. ஒட்டு வரவில்லை.'

ராசி என்ற ஒன்று பரவுவதற்கு மைக்செட் தேவையில்லை. ஒரு மாசத்துக்குள் சுற்று வட்டாரத்தில் வீடு கட்டியவர்கள் எல்லாரும் கடைக்கு வந்து, 'அந்தப் பால் பாட்டு' வேண்டும் என்றார்கள். கௌஸ் பாய் கேசட்டை ஐந்தாவது தட்டிலிருந்து முதல் தட்டுக்கு, சாமிக்குப் பக்கத்தில், மாற்றினார். இம்ரானை ஊர் ஊராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பால் பொங்கும், பொங்கியதும் யாராவது ஒருவர் கையை நீட்டுவார்.

அவன் எல்லாவற்றையும் எழுதி வைத்தான். தென்னேரி, கேஸ் அடுப்பு, நாலு நிமிஷம். வாலாஜாபாத், ஸ்டவ், ஐந்தரை. சவுக்கு விறகு ஆறு. இரண்டு பக்கம் தள்ளி ஒரு முடிவுக்கு வந்தான்: தன்னுடைய இசை எவ்வளவு தூரம் கேட்கப்படும் என்பது அடுப்பைப் பொறுத்தது. அதன்பின் செட்டு கேட்டு வருகிறவர்களிடம், "வெறகா, கேஸா அண்ணா?" என்று விசாரிக்க ஆரம்பித்தான். கேஸ் என்றால் முகம் வாடிவிடும். பால் எத்தனை லிட்டர் என்றும் ஒருமுறை கேட்டான். வந்தவர், பாய் பையன் பால் வியாபாரமும் தொடங்கிவிட்டானா என்று வெளியே போய்ச் சொன்னார்.

ஐப்பசியில் ராஜகுளத்தில் ஈர விறகு கிடைத்தது. முந்தின நாள் மழை. புகைதான் வந்தது, தீ வரவில்லை. ஆறு நிமிஷம் ஆனது. பால் அசையவில்லை. ஏழு ஆகப்போகிறது. இரண்டாவது பாட்டின் அடி கீழே நுழைந்து முதலாவதோடு கைகோக்கிற அந்த இடத்தில், வீட்டுக்காரரின் மச்சான் மைக்கை எடுத்தார்.

"வாசலாண்ட நிக்கற வெள்ள டெம்போ யார்தோ, கொஞ்சம் தள்ளி வுடுங்க. மாடு வர வயி இல்ல."

அவர் அதை இரண்டு தடவை சொன்னார். சொல்லி முடித்தபோது இரண்டாவது பாட்டு நடந்துகொண்டிருந்தது. பதினோராவது நிமிஷத்தில் பால் பொங்கியது. டைரியில் 'ராஜகுளம், 11' என்று எழுதி, அதன் பக்கத்தில் 'டெம்போ' என்று எழுதினான்.

அடுத்த வருஷம் ஆனி மாசத்தில் சிட்டம்மாள் இறந்துபோனார். களத்துமேட்டில் யாருக்கோ எதையோ செய்யச் சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குச் செட்டு சொல்ல வேதாசலம் திவ்யாவோடு வந்தார். மொட்டைத் தலையோடு தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சாவுக்குப் போடற பாட்டு எதுவும் எங்க அக்காவுக்குப் புடிக்காது தம்பி. அயுதுகினே இருக்கும்னு சொல்லும்."

திவ்யா ஐந்தாவது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோல் என்ற வார்த்தை வகுப்பில் எப்போதோ வந்திருந்தது. ஒரே உச்சரிப்பில் இரண்டு வார்த்தை, ஒன்று உள்ளங்கால், ஒன்று ஆத்மா என்று சார் சொல்லியிருந்தார்.

"சோல்னா ஆத்மாப்பா" என்றாள்.

வேதாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்கும் வெச்சிகீறியா தம்பி" என்றார்.

இந்தத் தடவை இம்ரான் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தான். இது அமெரிக்காவில் காதலுக்கும் ஆட்டத்துக்கும் பாடுவது, ஆத்மா சாந்திக்கு அல்ல என்று வாக்கியத்தை மனதுக்குள் சரி பார்த்தான். ஒருமுறை சரி பார்த்தபின் இன்னொரு முறை பார்த்தான். அதற்குள் வேதாசலம் அப்பாவிடம் நாளும் நேரமும் சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

காரியத்தன்று காலையிலிருந்தே தூறல். அதே கூடத்தில் படத்திறப்பு. சிட்டம்மாளைத் தனியாக எடுத்த படம் எதுவும் வீட்டில் இல்லை. புதுமனை புகுவிழா ஆல்பத்திலிருந்து ஒன்றைப் பெரிதாக்கி, மற்றவர்களை வெட்டிவிட்டு, சட்டம் போட்டிருந்தார்கள். திரை விலகியதும் இம்ரான் பார்த்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. கீழே ஓரத்தில், நீட்டிய கையின் விரல் நுனிகள். அந்தக் கை யாரை நோக்கி நீண்டது என்பது அந்தக் கூடத்தில் இம்ரானுக்குத்தான் நினைவிருந்தது. டெக்கை அந்தப் படத்துக்கு நேர் எதிரில்தான் வைத்திருந்தான்.

கற்பூரம் காட்டியபின் வேதாசலம் தலையை ஆட்டினார். இம்ரான் பொத்தானை அமுக்கினான். ஹவுஸ் அளவுக்கு வேகம் இல்லை. ஒரு பெண் எதற்காகவோ யாரையோ கெஞ்சினாள். பின்னால் மூன்று பேர் அவளுக்கு ஆமாம் போட்டார்கள்.

எல்லாரும் எழுந்து பந்திக்குப் போகவேண்டிய நேரம் அது. பின்பக்கத்திலிருந்து தாயாரம்மாள் வந்து புருஷனிடம் மெதுவாகச் சொன்னார். "வெறகு எல்லாம் நனைஞ்சிக்கினு பத்தவே மாட்டேங்குது. சோறு வடிக்க முக்கா மணி ஆவும்."

எழுந்த நாலைந்து பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதல் ஒட்டு வந்தது. யாரும் மைக்கை எடுக்கவில்லை. ஒரு பெண்ணின் குரல் தேய, ஒரு ஆணின் குரல் அவள் விட்ட இடத்தில் எடுத்துக்கொண்டது. இம்ரான் ஒரு விரலை மடக்கினான். இரண்டாவது வந்தது. ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரிடம், "இங்கிலீசு ஒப்பாரி போல கீது" என்றார். "ஆத்மாவுக்காம், பொண்ணு படிச்சி சொல்லிச்சி" என்றார் மற்றவர். பிறகு இருவரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்கள். ஆத்மாவுக்குப் போடுவதை நிறுத்தச் சொல்லி யார் பேரைக் கெடுத்துக்கொள்வது? அப்படி ஒன்று சொல்ல வேண்டுமானால் அந்த வீட்டில் அதைச் சொல்கிறவர் ஒருவர்தான். அவர் சட்டத்துக்குள் இருந்தார்.

மூன்றாவது போயிற்று. நான்காவது ஒட்டு. அதற்குப் பக்கத்தில் நோட்டில் கேள்விக்குறி போட்டு வைத்திருந்தான். இரண்டு அடிகளும் ஒரு வினாடி ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டன. இம்ரான் தலையைக் குனிந்துகொண்டான். நிமிர்ந்தபோது கூடத்தில் யாரும் அசையவில்லை. தூணோரமாக உட்கார்ந்திருந்த மேஸ்திரி செங்கேணி மட்டும் அவனைத் திரும்பிப் பார்த்தார்.

ஐந்து. ஆறு. ஏழாவது பாட்டு மெதுவாக அடங்கியது. 'டக்' என்று பொத்தான் எழும்பியது.

நாற்பத்தைந்து நிமிஷம். முப்பது பேருக்குக் குறையாது. எவரும் நிறுத்து என்று சொல்லவில்லை. பாஷா சொன்ன கணக்குப்படி அந்த நொடியிலிருந்து அவன் டிஜே. சந்தோஷப்படுவதற்கு அந்தக் கூடத்தில் இடம் இல்லாததால் அவன் துண்டால் டெக்கைத் துடைத்தான்.

"இன்னொரு பக்கத்தப் போடு தம்பி" என்றார் வேதாசலம்.

"இன்னொரு பக்கம் இல்ல அண்ணா."

"கேசட்டுன்னா ரெண்டு பக்கம்தான?"

"ரெகார்டு பண்ணல."

"ஏன்?"

இம்ரான் கேசட்டைத் திருப்பிப் பார்த்தான். "அவ்ளோ தூரம் போவும்னு நெனைக்கல அண்ணா."

வேதாசலம் பின்பக்கத்தைப் பார்த்தார். புகை இன்னும் வந்துகொண்டிருந்தது. "சோறு வேவல. மொதல்லேர்ந்து போடு."

"அக்கா இருந்தா இவ்ளோ நேரம் வுட்டிருக்குமா" என்றார் தாயாரம்மாள். யாரோ சிரித்தார்கள், பிறகு இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள், வேதாசலமும் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

நாடா பின்னுக்கு ஓட இரண்டு நிமிஷம் ஆகும். அந்த இரண்டு நிமிஷமும் கூட்டம் டெக்கையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. செங்கேணி உட்கார்ந்தபடியே நகர்ந்து பக்கத்தில் வந்தார்.

"நாலாவது எடத்துல ரசமட்டம் தப்பிச்சி" என்றார் காதருகே, கோணிய சுவரைக் காட்டுவதுபோல.

"தெரியும் அண்ணா."

"தெரிஞ்சா வுட்ட?"

"சத்தத்துல மறைஞ்சிடும்னு பாத்தேன்."

"பூசி மறைக்க முடியாது தம்பி. இடிச்சிதான் கட்டணும்." சொல்லிவிட்டுத் தூணுக்குத் திரும்பிப் போனார்.

இம்ரான் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தான். நான்காவது ஒட்டுக்குப் பக்கத்தில் இருந்த கேள்விக்குறியை அடித்து, 'தப்பு' என்று எழுதினான். ஒரு வருஷத்துக்கு மேலாகச் சந்தேகமாக இருந்த ஒன்று தீர்ந்துவிட்டது. நோட்டை மூடிப் பைக்குள் வைத்தான்.

நாடா தொடக்கத்துக்கு வந்து நின்றது. எதிரே சட்டத்துக்குள் சிட்டம்மாள் வாயைத் திறந்துகொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வதற்குள் இம்ரான் பொத்தானை அமுக்கினான்.